மனச்சோர்வு சரியான பிறகும் ஏன் மாத்திரையை நிறுத்த விடுவதில்லை?

மனச்சோர்வு என்பது ஒரு நாள் சோகம் அல்ல. 2 வாரத்துக்கு மேல், பெரும்பாலான நேரம் மனம் இருண்டு, தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் குலைந்துபோவது. மாத்திரையின் பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். பலருக்கு முதலில் தூக்கமும் பசியும் திரும்பும், மனசு கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். ஒரு நாள் காலையில் தானாக எழுந்து பல் தேய்த்து, காபியில் சர்க்கரை போதவில்லை என்று குறை சொல்வார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மாத்திரை அட்டை அலமாரிக்குள் போவதும் அநேகமாக அந்த வாரம்தான்!

வீடு கட்டியவர்களுக்கு இது புரியும். தளம் போட்ட மறுநாளே மேலே நடக்கலாம். ஆனாலும் மேஸ்திரி முட்டுக்கம்புகளைப் பிரிக்க விடமாட்டார், தண்ணீரைத் தேக்கி வைக்கச் சொல்வார். மேலே கெட்டியானாலும் உள்ளே பலம் ஏற நாளாகும். மனச்சோர்விலும் அறிகுறிகள் அடங்கிய முதல் சில மாதங்களில்தான் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். அதனால் நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்கிறார்கள்.

அப்புறம், "பழகிவிடும்" என்ற பயம். மனச்சோர்வு மாத்திரைகள் மதுவைப் போல ஏங்க வைப்பதில்லை. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரலாம் என்பதால்தான் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்.