அட்லாண்டிக் அடிமை வணிகம்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: பாடப்புத்தகத்தில் 'முக்கோண வணிகம்' என்று அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். ஒரே கப்பல்தான் மூன்று பக்கமும் சுற்றியதா, ஐயா?

பதில்: பல கப்பல்கள் சுற்றின. இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் துணி, துப்பாக்கி, சாராயம் ஏற்றுவார்கள். ஆப்பிரிக்கக் கரையில் அவற்றுக்கு மனிதர்களை வாங்குவார்கள். கரீபியன் தீவுகளில் விற்றுவிட்டு ஊர் திரும்புவார்கள். ஆனால் அந்தத் தீவுகளில் விளைந்த சர்க்கரையில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத் தனிக் கப்பல்களில் போனது. பிரேசிலுக்கோ முக்கோணமே பொருந்தாது. அங்குள்ள பாஹியாவின் மட்டரகப் புகையிலையை வெல்லப்பாகு தடவிச் சுருட்டி நேரே மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் கரைக்கு அனுப்பினார்கள். வந்த வழியே கப்பல் ஆட்களோடு திரும்பியது.

கேள்வி: பெரும்பாலோர் அமெரிக்காவுக்குத்தானே போனார்கள்?

பதில்: இல்லை. கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி, உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பகுதிக்கு நேரே வந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலின் பங்கு மட்டும் நாற்பது சதவீதத்துக்கு மேல்.

கேள்வி: நடுக்கடலில் இறந்தால் நஷ்டம் யாருக்கு?

பதில்: நோயில் இறந்தால் நஷ்டம் முதலாளிக்கு. ஆபத்தில் கப்பலைக் காக்கச் சரக்குபோலக் கடலில் தள்ளினால் காப்பீடு கேட்கலாம். 1781இல் 'சோங்' கப்பலில் குடிநீர் தீர்கிறது என்று சொல்லி 130க்கும் மேற்பட்டவர்களைக் கடலில் தள்ளினார்கள். பிறகு முதலாளிகள் தலைக்கு 30 பவுண்டு கேட்டு லண்டனில் வழக்காடினார்கள். ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1783இல் மேல்விசாரணையில் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். கொலைக் குற்றம் யார்மீதும் சாட்டப்படவில்லை.

கேள்வி: ஆப்பிரிக்கர்களே தங்கள் மக்களை விற்றார்களே?

பதில்: அரசர்களும் வணிகர்களும் விற்றார்கள், மறுக்க முடியாது. 'தங்கள் மக்களை' என்பதுதான் தவறு. பெரும்பாலும் போரில் பிடித்த பிற நாட்டாரையே விற்றார்கள்.

கேள்வி: இந்தியாவுக்கு இதில் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, நாம் நினைப்பதைவிட அதிகம். ஆப்பிரிக்காவுக்குப் போன சரக்கில் முதலிடம் துணிக்கு. 18ஆம் நூற்றாண்டில் அதில் கணிசமானது இந்தியப் பருத்தி. சோழமண்டலக் கரையில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணியைப் புதுச்சேரியிலிருந்து பிரான்ஸ் வழியாகச் செனகலுக்குக் கொண்டுபோனார்கள். அங்குள்ளவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்லர்: நிறம் பார்த்து, அவுரி வாசனை பார்த்துத்தான் வாங்கினார்கள். பிரான்சின் ரூவான் நகரில் செய்த நகல் அவர்களிடம் எடுபடவில்லை. இங்கே தறியில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தத் துணி எதற்கு விலையாகப் போகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.

கேள்வி: சோழியும் கொடுத்தார்களாமே? நாம் விளையாடும் சோழியா?

பதில்: அதேதான். மாலத்தீவில் எடுத்ததை இலங்கை, வங்காளம் வழியாக வாங்கி, கப்பலின் அடியில் பாரமாகப் போட்டு லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் கொண்டுபோனார்கள். அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு. உயிதா துறைமுகத்தில் அதுதான் காசு. விலையில் ஒரு பங்கைச் சோழியாகவே தர வேண்டும் என்று விற்பவர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். ஓர் ஆளுக்குப் பல்லாயிரம் சோழி எண்ண வேண்டியிருந்தது.