கிளை நூலகம் எதை வைத்துக்கொள்ள வேண்டும்?

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெற்ற தமிழாசிரியரான என் தந்தை சென்ற ஆண்டு காலமானார். அவர் சேர்த்து வைத்த நானூறுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றன. வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து அவரே பைண்டு செய்த தொகுதிகள் அவற்றில் முப்பது இருக்கும். எல்லாவற்றையும் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று போனேன். நூலகர் பட்டியலைப் பார்த்துவிட்டு ஐம்பது, அறுபது மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அங்கேயே ஒரு மூலையில் பழைய புத்தகங்களைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கழித்து வைத்திருந்தார்கள். புத்தகங்களைக் காக்க வேண்டிய இடமே அவற்றை வேண்டாம் என்று சொல்லலாமா? புதிதாக வந்திருந்தவற்றிலும் எங்கள் ஊரில் யாரும் கேட்டுப் படிக்கிற புத்தகம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. எதை வாங்குவது, எதைக் கழிப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

ஒரு வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

தந்தையின் புத்தகங்களோடு ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது அவற்றில் பெரும்பகுதியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்வது எவ்வளவு வலி தரும் என்பதை அறிவேன். ஆனாலும் அந்த நூலகர் உங்கள் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்து ஏற்றுக்கொண்டதும், பழையவற்றைக் கழித்ததும் தவறு என்று நான் கருதவில்லை. உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் இருக்கும் குறைதான் உண்மையான குறை. அதில் உங்கள் பக்கமே நிற்கிறேன்.

எல்லாவற்றையும் காப்பதற்கென்றே ஏற்பட்ட நூலகங்கள் வேறு. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் நூல் வெளியிடும் ஒவ்வொருவரும் வெளியான முப்பது நாட்களுக்குள் தம் செலவில் ஒரு படியைக் கொல்கத்தாவின் தேசிய நூலகத்துக்கும், சென்னையின் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட மற்ற மூன்று பொது நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். கன்னிமாராவில் ஒரு புத்தகம் ஐம்பது ஆண்டுகள் யார் கையிலும் படாமல் இருந்தாலும் அது அங்கே இருந்தாக வேண்டும், ஏனென்றால் ஐம்பத்தோராவது ஆண்டில் அதைத் தேடி வருகிறவருக்கு வேறு இடம் இல்லை. இரண்டு அறைகளும் இருபது அலமாரிகளும் உள்ள ஒரு கிளை நூலகத்திடம் இதே கடமையை எதிர்பார்த்தால், அது புத்தகக் கிடங்காக மாறிவிடும். அந்த ஊர் மாணவருக்கும் குழந்தைக்கும் அங்கே இடம் இருக்காது.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. ஐந்தாவது, நூலகம் வளரும் உயிர் என்பது. இந்த ஐந்தாவது விதியை நம் மேடைகளில் கட்டடம் பெரிதாவதற்கும் எண்ணிக்கை கூடுவதற்கும் மட்டுமே எடுத்துச் சொல்கிறார்கள். வளரும் உயிர் புதியதை உட்கொள்வதோடு பழையதை வெளியேற்றவும் செய்யும் என்று அவரே விளக்கியிருக்கிறார்.

பழையது என்பதை வயதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று சொல்லும் பொது அறிவு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இலும் 2020இலும் புதிய மாவட்டங்கள் பிறந்து எண்ணிக்கை 38 ஆகிவிட்டது. அட்டை கிழியாமல் அந்த நூல் அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு நாளும், தேர்வுக்குப் படிக்க வரும் ஒரு பிள்ளையைத் தவறாக வழிநடத்துகிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்கான எளிய விளக்க நூல்களின் நிலை இன்னும் நுட்பமானது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது என்றாலும், அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், மாவட்ட மைய நூலகம் அந்நூலின் ஒரு படியை வைத்திருக்க வேண்டும். கிளை நூலகத்தில் முன்வரிசையில் அது நிற்கக் கூடாது. மறுபுறம், அட்டை போய், தாள் பழுத்து, பத்தாண்டுகளாக இரவல் தேதிச் சீட்டில் முத்திரையே விழாத ஒரு வட்டார வரலாற்று நூலைப் பார்க்கிறவர் குப்பை என்றே நினைப்பார். அந்த ஊரைப் பற்றிய ஒரே நூல் அதுவாக இருந்தால் அதைக் கழிப்பவற்றோடு சேர்ப்பது பெரும் குற்றம். ஆகவே, கழிப்பவர் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்தாரா, மாவட்டத்தில் வேறு எங்காவது இன்னொரு படி இருக்கிறதா என்று விசாரித்தாரா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

எங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டத்தின் சார்பில் இரண்டு முறை இருப்புச் சரிபார்ப்புக்கு உதவியாகப் போயிருக்கிறேன். ஒரு புத்தகம் நூலகத்துக்குள் வந்தால் சேர்க்கைப் பதிவேட்டில் அதற்கு ஓர் எண் விழும்; தலைப்புப் பக்கத்திலும் உள்ளே குறித்த ஒரு பக்கத்திலும் முத்திரை இடுவார்கள்; பகுப்பு எண் எழுதுவார்கள்; தேதிச் சீட்டு ஒட்டுவார்கள். அந்த எண் ஒருமுறை விழுந்துவிட்டால் அது அரசின் சொத்து. தணிக்கையில் கணக்கு இடித்தால் நூலகர் தம் கைப்பணத்தைக் கட்ட நேரும் என்ற அச்சம் அவரை விட்டு அகலுவதே இல்லை. பல ஊர்களில் கண்ணாடி அலமாரிகள் பூட்டியே கிடப்பதற்கும், கழிக்க வேண்டியவற்றைக் கழிக்காமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி விடுவதற்கும் முதல் காரணம் இந்த அச்சமே என்று நினைக்கிறேன். மத்திய அரசு நூலகங்களுக்குப் பொருந்தும் பொது நிதி விதிகள், 2017 இதில் மிகவும் நியாயமாக நடந்துகொள்கின்றன. ஓராண்டில் இரவல் தந்ததும் எடுத்துப் பார்த்ததுமான நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து வரை தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கலாம், அதற்கு நேர்மைக்குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. பயன்படுத்தினால் புத்தகம் தேயும், சில தொலையும் என்பதை ஒப்புக்கொள்கிற விதி ஊர்ப்புற நூலகருக்கும் துணிவு தரும். இப்படிப்பட்ட சூழலில் உங்கள் நூலகர் முறைப்படி எழுதிக் கழிக்க முன்வந்திருந்தால், அவரை நான் பாராட்டவே செய்வேன்.

இனி, புதிதாக வந்த புத்தகங்கள். சென்னை மாகாணத்தின் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. அந்தச் சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. இன்று நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா அந்தக் கணக்கில் சேர்கிறது. உள்ளாட்சி அமைப்பு அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் தர வேண்டும். அதாவது உங்கள் தெருவில் வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்த நூலகத்துக்குப் பணம் கட்டியவர். ஆனால் அந்தப் பணத்தில் என்ன வாங்குவது என்பதில் அவருக்குக் குரல் இருந்ததில்லை. நெடுங்காலம் இருந்த முறையில், பதிப்பாளர்கள் விண்ணப்பித்து மாதிரிப் படிகளை அனுப்புவார்கள். சென்னையில் தேர்வுக் குழு பார்க்கும். பதினாறு பக்கம் கொண்ட ஃபாரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை நிர்ணயமாகும். தேர்வானவை மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்படும். ‘நூலக ஆணை’ என்று பதிப்புலகம் காத்துக்கிடந்தது இதற்காகத்தான். தமிழ்ப் பதிப்புத் துறை பிழைத்திருப்பதற்கு இந்த ஆணை செய்த உதவியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தை எண்ணி விலை தரும் முறை, தடித்த புத்தகத்துக்குச் சாதகமாகவும் வண்ணப் படங்களோடு மெல்லியதாக வரும் குழந்தைகள் நூலுக்குப் பாதகமாகவும் இருந்தது. மேலும், ஒரே பட்டியலிலிருந்து போன புத்தகங்கள் மீனவக் குப்பத்து நூலகத்திலும் தேயிலைத் தோட்டத்து நூலகத்திலும் ஒன்றுபோல அடுக்கப்பட்டன.

2024இல் வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கை வந்து, விண்ணப்பங்களை இணையதளம் வழியே பெறத் தொடங்கியிருக்கிறார்கள். அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் வெளிப்படைத்தன்மை பதிப்பாளருக்கு நியாயம் செய்தால் மட்டும் போதாது. தேர்வுப் பட்டியலிலிருந்து தம் ஊருக்கு வேண்டியதைக் குறித்துக் கேட்கும் உரிமை ஒவ்வொரு நூலகருக்கும் வேண்டும்; பட்டியலில் இல்லாததை வாங்கச் சிறு தொகையாவது அவர் கையில் இருக்க வேண்டும். ஒரு கிளை நூலகத்தின் உண்மையான தேவைகள் இரவல் பதிவேட்டிலும், ‘இது இருக்கிறதா’ என்று கேட்டு இல்லாமல் திரும்புகிறவர்களின் முகத்திலும்தான் இருக்கின்றன. அவற்றைத் தினமும் பார்க்கிற ஒரே ஆள் நூலகர். 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு நடமாடும் நூலகம் ஊர் ஊராகப் போனது. வண்டியோடு போகிறவருக்கு அடுத்த முறை அந்த ஊருக்கு எதை ஏற்ற வேண்டும் என்பது தெரிந்திருக்கும். அந்த நெருக்கத்தை நம் கொள்முதல் முறை இன்னும் பெறவில்லை.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது, ஊரில் நாலைந்து பேருக்கு வேண்டிய புத்தகங்களின் பெயர்களை எழுதி, கையொப்பமிட்டு நூலகரிடம் கொடுங்கள். படியொன்றை மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புங்கள். வாசகர் எழுத்தில் கேட்டதை மேலே எடுத்துச் சொல்வது நூலகருக்கும் எளிது.

தந்தையின் புத்தகங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நூலகர் கேட்ட ஐம்பது, அறுபதைத் தயங்காமல் கொடுங்கள். அவை அங்கே படிக்கப்படும். இலக்கணம், உரைநூல்கள் போன்றவற்றை அவர் பணியாற்றிய பள்ளியிலோ அருகிலுள்ள கல்லூரியின் தமிழ்த் துறையிலோ கேட்டுப் பாருங்கள். அந்த முப்பது பைண்டு தொகுதிகளை மட்டும் இப்போதைக்கு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். கிளை நூலகத்துக்கு அவை பயன்படா, ஆனால் ஆய்வாளருக்கு அவை பொக்கிஷம், ஏனெனில் தொடராக வந்தபோது இருந்த ஓவியங்களும், பக்கத்தின் மறுபுறத்து விளம்பரங்களும், பின்னால் புத்தகமானபோது விடுபட்ட பகுதிகளும் அவற்றில்தான் மிஞ்சியிருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா இப்படிப் பிறர் கழித்தவற்றைத்தான் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். நாடக நோட்டீசும் அழைப்பிதழும்கூட அதில் அடக்கம். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

தொகுதிகளை வெயில் படாத இடத்தில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டுகளில் அது தாளைக் கறையாக்கிவிடும். ஒவ்வொரு தொகுதிக்கும் இதழின் பெயர், கதையின் பெயர், தெரிந்தவரை ஆண்டு, விடுபட்ட வாரங்கள் ஆகியவற்றைக் குறித்து ஒரு பட்டியல் எழுதி எனக்கு அனுப்புங்கள். அந்த ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதும் கடிதத்தை நானே வரைந்து தருகிறேன்.

அன்புடன்.