தீபாவளிக்கு வீட்டில் அரைத்த மசாலாத்தூளைப் பரிசாகக் கொடுத்தால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்களா?

சிலர் நினைப்பார்கள். ஆனால் உங்களுக்கு வரப்போகும் தொல்லை அது இல்லை.

கேள்வியைப் பார்த்தால், கல்யாணமாகி முதல் அல்லது இரண்டாவது தீபாவளி, இரண்டு பக்கத்துச் சொந்தத்துக்கும் என்ன வாங்குவது என்று கையைப் பிசைந்துகொண்டு இருப்பவர் போலத் தெரிகிறது. பிஸ்கட் டின்னும் ஹேம்பரும் விற்கிற விலையில் பத்து வீட்டுக்கு வாங்கினால் அந்த மாதச் சம்பளத்தில் பாதி காலி. நானும் 2022-இல் இதே கணக்கைத்தான் போட்டேன். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் கோவிட் என்று யாரும் யார் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. அந்த வருஷம் எல்லாரையும் பார்க்கப் போகிறோம், கையால் செய்த ஒன்றைக் கொண்டுபோவோமே என்று ஆசை. முறுக்கும் நெய் உருண்டையும் எல்லார் வீட்டிலும் டின் டின்னாக இருக்கும். எங்கள் அம்மா இங்கே மலேசியாவில் எஸ்டேட் தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து அரைத்த இறைச்சித் தூள், அதாவது கறிக்குப் போடும் மசாலா, யார் வீட்டில் இருக்கும்?

அம்மாவின் கணக்கு இது. கொத்தமல்லி ஒரு கிலோ, காய்ந்த மிளகாய் அரைக் கிலோ, சோம்பும் சீரகமும் தலா 200 கிராம், மிளகு 100, விரலி மஞ்சள் 100, பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ எல்லாம் சேர்ந்து ஒரு கைப்பிடி. (சோம்பு அதிகம், எங்கள் ஊரில் இப்படி இல்லை என்று தமிழ்நாட்டிலிருந்து யாராவது சண்டைக்கு வருவீர்கள். இது மலேசியத் தோட்டத்துத் தூள், எங்கள் ஆட்டுக்கறிக்கு இதுதான்.) மீன் தூள் வேறு. அதில் பட்டை கிராம்பு போகாது, வெந்தயம் சேரும். நான் இறைச்சித் தூள் மட்டும் இரண்டு பங்கு போட்டேன், நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 250 கிராம் பிடிக்கும் கண்ணாடி பாட்டில் பதினாறு வாங்கினேன்.

பினாங்கில் தீபாவளி வருவதே மழை கொட்டும் மாதத்தில். நல்ல வெயிலில் இரண்டு நாள் காய வேண்டிய மல்லியும் மிளகாயும் என் பால்கனியில் அரை நாள்கூடக் காயவில்லை. அதனால் வெறும் வாணலியில் ஒவ்வொன்றாகச் சூடு காட்டினேன். மல்லி கையில் நொறுங்க வேண்டும், மிளகாயை உடைத்தால் சத்தம் வர வேண்டும், அதுதான் பதம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்காதீர்கள். மல்லி வறுபடுவதற்குள் சீரகம் கருகிக் கசந்துவிடும்.

டவுனில் இருக்கும் மில்லுக்குக் கொண்டுபோனால், தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது அங்கே வரிசை எப்படி நின்றது என்று சொல்லவே வேண்டாம். எனக்கு முன்னால் இருந்தவர் வெறும் மிளகாய் அரைத்தார். அவருடையது கொஞ்சம் என் தூளோடு கலந்துதான் வரும். அதைச் சுத்தம் செய்ய முதலில் ஒரு கை அரிசியை விட்டு அரைக்கச் சொல்லலாம் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. மில்லிலிருந்து வரும் தூள் அடுப்பிலிருந்து இறக்கிய மாதிரி சுடும். மில்காரர், “நல்லா பரப்பி ஆற வச்சுட்டு கட்டுங்கம்மா” என்றார். சரிண்ணே என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் லிஃப்ட் வேலை செய்யவில்லை. இது கேள்விக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனாலும் சொல்கிறேன். பராமரிப்புக் கட்டணம் ஒரு மாதம் தாமதமானால் நம் பெயரைக் கீழே நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்களே, அந்த லிஃப்ட் மூன்று மாதமாக வாரத்துக்கு இரண்டு தடவை நிற்கிறதே, அதை யார் போர்டில் ஒட்டுவது? இரண்டு லிஃப்டில் ஒன்று நிரந்தரமாகப் பூட்டு. பதினோரு மாடி. ஒரு கையில் நாலு கிலோ தூள், இன்னொரு கையில் குடை. ஆறாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன். மூட்டுவலி இருக்கும் எதிர்வீட்டு ஆன்ட்டி அன்று முழுக்கக் கீழே இறங்கவே இல்லை. கூட்டத்தில் கேட்டால் ஸ்பேர் பார்ட்ஸ் வர வேண்டும் என்பார்கள். சரி, விடுங்கள்.

மேலே வந்து சேர்ந்தபோது எனக்குப் பொறுமை இல்லை. மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். அந்த இரவே, தூள் இளஞ்சூடாக இருக்கும்போதே பாட்டிலில் அடைத்து, மூடியை இறுக்கி, மஞ்சள் ரிப்பன் கட்டிவிட்டேன். அழகாகத்தான் இருந்தது.

தீபாவளி அன்று மாலை சுங்கை பட்டாணியில் இருக்கும் மூத்த நாத்தனார் வீட்டுக்குப் போனோம். பெரியக்கா என்றுதான் கூப்பிடுவேன். பாட்டிலை வாங்கி, திருப்பிப் பார்த்து, மேசைமேல் வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னால் கேட்டார்: “ஏம்மா, பதினெட்டு வருஷமா என் வீட்டுல சாப்பிடுற. என் கறி நல்லா இல்லன்னு இப்பதான் சொல்லணும்னு தோணுச்சா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால் அவர் பக்கமும் தெரிகிறது. நம் வீடுகளில் தூள் என்பது அந்த வீட்டு மாமியார் கை. பெரியக்கா அரைப்பது என் மாமியாரின் தூள். அந்த அடுப்பங்கரைக்குள் என் அம்மாவின் தூளைக் கொண்டுபோய் ரிப்பன் கட்டி நீட்டினால் அவர் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? முறுக்கைக் கொடுத்தால் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். தூளைக் கொடுத்தால் “இனிமேல் இப்படிச் சமை” என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. எல்லாக் குடும்பமும் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் நாத்தனார் தங்கமாக இருக்கலாம்.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டினார். சீனர், எழுபதைத் தாண்டியவர். கையில் நான் கொடுத்த பாட்டில். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர். “பாசா லா” என்றார், ஈரமாம். சூடாக அடைத்த தூளின் ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகித் தூளிலேயே சொட்டியிருக்கிறது. அவர் பதறவில்லை. அப்படியே தட்டில் பரப்பி, ஓவனில் லேசான சூட்டில் வைத்து ஈரத்தை எடுத்துவிட்டு, கோழியும் உருளைக்கிழங்கும் போட்டுக் கறி வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். குவான் யின் என்ற சீனத் தெய்வத்தைக் கும்பிடுகிறவர், மாட்டிறைச்சி தொடமாட்டார், அதனால் எனக்கும் சாப்பிடுவதில் தயக்கமில்லை. தேங்காய்ப்பால் கொஞ்சம் தூக்கல். ஆனால் அம்மாவின் வாசனை அதில் இருந்தது. பொய் சொல்லவில்லை, நின்றபடியே சாப்பிட்டு முடித்தேன்.

அன்று இரவே தூள் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போன் செய்தேன். பாட்டிலைத் திறங்கள், பரப்பி உலர்த்துங்கள், பூசண வாடை வந்தால் கொட்டிவிடுங்கள் என்று. பெரியக்காவுக்கு மட்டும் செய்யவில்லை. வேண்டுமென்றேதான்.

தைப்பூசத்துக்கு அவர் வீட்டுக்குப் போனபோது பாட்டில் ஃப்ரிட்ஜ் மேலே ரிப்பனோடு இருந்தது. தூள் கட்டிபிடித்து, கண்ணாடி ஓரமாக வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் அதை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இப்போதும் வருஷா வருஷம் கொடுக்கிறேன். சொந்தத்தில், கேட்டவர்களுக்கு மட்டும். மற்றதெல்லாம் அக்கம்பக்கத்துச் சீனர்களுக்கும் வேலையிடத்துத் தோழிகளுக்கும். அவர்கள் வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க மாமியார் தூள் இல்லை. மலாய்த் தோழிகளுக்கு அரைத்த தூள் கொடுப்பதில்லை. தூளில் ஒன்றும் தப்பில்லை, ஆனால் அவர்கள் ஹலால் பார்க்கிற முஸ்லிம்கள், நம் வீட்டுப் பாத்திரத்தில் வறுத்தது என்று யாராவது தயங்கினால் இரண்டு பேருக்குமே சங்கடம். அவர்களுக்குப் பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ நாலையும் கடையிலிருந்து புதிதாக வாங்கி முழுசாகவே பாட்டிலில் போட்டுத் தருகிறேன். அவர்கள் சமையலில் இந்த நாலுக்கும் ‘எம்பாட் பெராடிக்’ என்றே பெயர், உடன்பிறந்த நால்வர். பார்த்ததும் சிரித்துவிடுவார்கள். அரைக்காத மசாலா என்பதால் சீக்கிரம் மணமும் போகாது.

தூள் என்றால், வேட்டித் துணியில் மெல்லிசாகப் பரப்பி ஒரு இரவு முழுக்க ஆறவிடுங்கள். கழுவிய பாட்டிலை முந்தின நாளே கவிழ்த்துக் காயவையுங்கள். வண்டு பயம் இருந்தால் அடைத்த பாட்டிலை நாலைந்து நாள் ஃப்ரீசரில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள், குளிர் போனபிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பழையபடி ஈரம்தான். அரைத்த தேதியையும், ஒரு கிலோ கோழிக்கு எத்தனை கரண்டி என்பதையும் ஒட்டிக் கொடுங்கள். சிங்கப்பூரில் சொந்தம் இருந்தால் கசகசா சேர்த்து அரைத்ததைக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள்.

கடைத்தூளை நான் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவசரத்துக்கு என் வீட்டிலும் பாபாஸ் பாக்கெட்தான்.

ஆன்ட்டி அடுத்த சீனப் புத்தாண்டுக்கு அந்தப் பாட்டிலைக் கழுவி, வெறுமனே தராமல் கடலை பிஸ்கட் நிரப்பித் தந்தார். இப்போது ஒவ்வொரு அக்டோபரிலும் காலிப் பாட்டில் என் வாசலில் வந்து உட்கார்ந்துவிடும். பெரியக்கா போன மாதம் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, அவள் அரைக்கிற மில் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டாராம். தெருப் பெயரை எழுதிக் கொடுத்தேன். தூள் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.