டவுன் பஸ்ஸில் ஓடும் பாட்டு

அன்புள்ள ஐயா,

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள், தினமும் டவுன் பஸ்ஸில் கேட்கும் பாட்டு ஒன்றை வீட்டில் பாடினாள். ஒரு வரிக்கு அர்த்தமும் கேட்டாள். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படத்துக்குச் சான்றிதழ் இருக்கிறது, பாட்டுக்கு ஏன் வயது வரம்பு இல்லை? சட்டம் வர வேண்டாமா?

ஒரு தாய், அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. படத் தணிக்கைக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. 2023இல் அதைத் திருத்தி யு/ஏ சான்றிதழையே 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்தார்கள். ஆனால் தணிக்கைக்குப் போவது படம்தான். பாட்டு அதற்கு முன்பே செல்போனுக்கு வந்துவிடுகிறது. தியேட்டரில் ஒரு சொல்லின் ஒலியை நீக்கினாலும் செல்போனில் அது முழுசாகக் கேட்கும்.

அமெரிக்காவில் 1985இல் இதே கோபத்தோடு சில தாய்மார்கள் கிளம்பினார்கள். செனட்டில் விசாரணையே நடந்தது. கிடைத்தது, இசைத்தட்டு உறையின்மேல் ஒட்டும் எச்சரிக்கை வில்லை. அதை ஒட்டுவதா வேண்டாமா என்பதை இசை நிறுவனமே முடிவு செய்யும். இன்று ஸ்பாட்டிஃபையில் சில பாட்டுகளுக்குப் பக்கத்தில் 'E' என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கிறதே, அது இந்த வில்லையின் வழியில் வந்ததுதான். அப்படிப்பட்ட பாட்டுகளைச் செயலியின் செட்டிங்ஸில் போய்த் தடுக்கலாம், தடுத்து வையுங்கள். ஆனால் குறி போடாத பாட்டை அது நிறுத்தாது.

பாட்டுக்கு ஒரு வாரியம் வருவதில் எனக்குச் சம்மதமில்லை. முதலில் அடிபடுவது கானாவாகத்தான் இருக்கும். அதே விஷயத்தை அலங்காரமான தமிழில் சொன்ன பாட்டு தப்பித்துவிடும்.

அப்புறம், பஸ்ஸில் எந்தக் குறி என்ன செய்யும்?

ஓமலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் விடிய விடியக் கூத்து நடக்கும். கட்டியங்காரர் பச்சையாகப் பேசுவார். ஆனால் அதெல்லாம் நடுச்சாமத்துக்கு மேல்தான், பிள்ளைகள் சாக்கில் சுருண்டு தூங்கிய பிறகு. ஒருநாள் நான் முன்வரிசையில் கண்ணை விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச்சை ஆரம்பித்தவர் என்னைப் பார்த்தார். "பொடியன் இன்னும் தூங்கல" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார். அவருக்கு எந்தச் சட்டமும் அதைச் சொல்லித் தரவில்லை. எதிரே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார், அவ்வளவுதான்.

பென்டிரைவுக்குக் கண் கிடையாது. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் இருக்கிறது. பள்ளிக்கூட நேரத்து டிரிப்பில் எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்று அவர்களால் முடிவு செய்ய முடியும். நாலைந்து தாய்மார்கள் சேர்ந்து போய்ப் பேசுங்கள். சண்டையாக வேண்டாம். "அண்ணா, காலையில பிள்ளைங்க வர்றாங்க, வேற பாட்டு போடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் கேட்பார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மகளிடம் அந்த வரிக்கு அர்த்தம் சொல்லுங்கள். அவள் வயதுக்குத் தக்க அளவு போதும். உங்களிடம் கேட்டாளே, அதுவே பெரிது. நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யாரிடமாவது கேட்பாள்.

ஆடியில் மாரியம்மன் பண்டிகைக்குத் தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். உங்கள் தெருவில் செட் போடும் இளைஞர்களிடம் அதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.