எலி ஆய்வை நம்பிக் கண்புரை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: மண்டபத்தில் விசைப்படகுத் தொழிலாளியாக இருக்கும் என் தந்தைக்கு வயது 61. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. இரு கண்களிலும் புரை இருப்பதால், முதலில் வலக்கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். மரபணு மாற்றிய எலிகளை வைத்துக் கண்புரையை ஆராய்வதாகச் செய்தி படித்ததிலிருந்து, "மருந்து வந்துவிடும், பொறுப்போம்" என்கிறார். பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். ஆனாலும் அந்த ஆய்வுகளை வீண் என்று ஒதுக்க மாட்டேன். உங்கள் தந்தையாரின் நோயோடு நேரடித் தொடர்புடைய ஒன்றை அவை தெளிவாக்கியிருக்கின்றன.

ரத்தத்தில் சர்க்கரை கூடும்போது, கண் லென்ஸில் உள்ள ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்னும் நொதி குளுக்கோஸைச் சார்பிட்டாலாக மாற்றுகிறது. எளிதில் வெளியேற முடியாத அந்தச் சார்பிட்டால் நீரை உள்ளே இழுப்பதால், லென்ஸின் செல்கள் வீங்கிச் சிதைந்து ஒளி ஊடுருவ முடியாதபடி மங்கிவிடுகின்றன. சாதாரணச் சுண்டெலியின் லென்ஸில் இந்த நொதி மிகக் குறைவு என்பதால், சர்க்கரை ஏறினாலும் அதற்கு எளிதில் புரை விழுவதில்லை. மனித நொதிக்குரிய மரபணுவைச் சேர்த்து, அது லென்ஸில் மிகுதியாகச் செயல்படும்படி வளர்த்த சுண்டெலிகளுக்குச் சர்க்கரை நோயை உண்டாக்கியபோது, அவற்றின் கண்களில் புரை விழுந்தது. 1995இல் வெளியான இந்த ஆய்வு, சர்க்கரை நோயாளிகளின் புரையில் சார்பிட்டாலுக்குள்ள பங்கை வலுவாக உறுதிசெய்தது. பிற புரதங்கள் திரண்டு கட்டியாகாமல் காக்கும் ஆல்ஃபா-ஏ கிரிஸ்டலினை நீக்கிய சுண்டெலிகளுக்கு இளம் வயதிலேயே லென்ஸ் மங்கியதை 1997இல் கண்டறிந்தார்கள்.

இவை ஒவ்வொன்றும் ஒரு காரணத்தைத் தனியே பிரித்துக் காட்டுபவை. இரண்டு மூன்று ஆண்டுகளே வாழும், இரவில் நடமாடும் ஒரு பிராணியின் கூண்டில், கடல்நீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலைப் பல ஆண்டுகள் வாங்கிய கண்ணை உருவாக்க முடியாது. அதற்கு மனிதரைத்தான் பார்க்க வேண்டும்: அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் தொழில் செய்த 838 பேரை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட முடிவு, புற ஊதா-பி கதிர்கள் அதிகம் பட்டவர்களுக்கு லென்ஸின் புறப்பகுதியில் புரை விழும் வாய்ப்பு கூடுவதைக் காட்டியது.

நொதியைத் தடுக்கும் மருந்துகள் விலங்குகளில் புரையைத் தள்ளிப்போட்டிருக்கின்றன. மனிதரின் புரையைக் கரைப்பதாக நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்து எதுவும் இன்று இல்லை. அப்படிச் சொல்லி விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். புரை மிகவும் முற்றினால் அறுவை சிகிச்சை கடினமாவதோடு, கண் அழுத்தமும் உயரக்கூடும்.

சிகிச்சைக்கு முன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, கண்மணியை விரித்து விழித்திரையையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பிறகு சில வாரங்கள் கடல்நீர் கண்ணில் படக்கூடாது, வலை இழுக்கவும் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் நெருங்கியிருந்தால், தொழில் கெடாமல் அந்த நாட்களுக்குள்ளேயே சிகிச்சையை முடித்துக்கொள்ளலாம்.