ஷென்டன் வேயின் பழைய அலுவலகக் கட்டடங்களை இடிக்காமல் வீடுகளாக மாற்ற முடியாதா?

கேள்வி இது: சிங்கப்பூரில் தஞ்சோங் பகார், ஷென்டன் வே பக்கம் 30, 40 வயதான அலுவலகக் கட்டடங்களை இடித்துவிட்டுப் புதிய கோபுரங்கள் கட்டுகிறார்கள். அவற்றை அப்படியே வீடுகளாக மாற்றினால் செலவும் மிச்சம், நகர மையத்தில் மக்களும் குடியேறுவார்களே, ஏன் செய்வதில்லை?

முடியும், ஆனால் எல்லாக் கட்டடத்திலும் முடியாது. எதில் முடியும் என்பதை வயதோ உயரமோ பெரிதாகத் தீர்மானிப்பதில்லை. சன்னலிலிருந்து உள்ளே மின்தூக்கிச் சுவர் வரை எத்தனை மீட்டர் என்று முதலில் அளந்து பாருங்கள். பாதிப் பதில் அந்த ஓர் அளவிலேயே கிடைத்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். 36 மீட்டருக்கு 36 மீட்டர் சதுரமான ஒரு மாடி. நடுவில் மின்தூக்கி, படிக்கட்டு, கழிவறை எல்லாம் அடங்கிய 12 மீட்டர் சதுரக் கூடு. சன்னலுக்கும் கூட்டுக்கும் இடையே 12 மீட்டர். அதில் நடைவழிக்கு 1.8 மீட்டர் போனால், வீட்டின் ஆழம் 10.2 மீட்டர். முகப்பு, அதாவது சன்னல் பக்க அகலம், 6.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பரப்பு 66 சதுர மீட்டர். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மூவறை வீடும் ஏறத்தாழ இதே அளவுதான், அதில் இரண்டு படுக்கையறைகள் வசதியாக அமைகின்றன. இங்கோ 6.5 மீட்டர் முகப்பில் ஒரு வரவேற்பறையும் ஒரு படுக்கையறையும்தான் சன்னல் பெறும். இரண்டாவது படுக்கையறை சுவருக்குள் இருண்டு கிடக்கும். இரண்டு படுக்கையறைக்கும் சன்னல் வேண்டுமென்றால் முகப்பு 9 மீட்டராக வேண்டும். அப்போது வீடு 92 சதுர மீட்டராகிவிடும். வாங்குபவர் ஏறத்தாழ 25 சதுர மீட்டர் இருட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார்.

அந்த இருட்டைக் குளியலறை, பொருளறை, சமையலறை என்று நடைவழி ஓரமாக ஒதுக்கலாம். ஹோட்டல் அறைகளில் குளியலறை வாசலருகே இருப்பது இதனால்தான். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. நடைவழி போக ஆழம் 8, 9 மீட்டருக்குள் இருந்தால் நல்ல வீடு வரும். 12ஐத் தாண்டினால் எந்தக் கட்டடக் கலைஞராலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. காற்றையும் மறக்கக் கூடாது. இயற்கைக் காற்றோட்டத்தை நம்பும் அறைக்கு, அதன் தரைப்பரப்பில் குறைந்தது 5 விழுக்காடாவது திறக்கும் சன்னல் வேண்டும். அலுவலகக் கண்ணாடிச் சுவர்கள் பெரும்பாலும் திறக்கவே திறக்காதவை. ஆகவே முகப்பு முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். மையக் குளிரூட்டி போய்விடுவதால் வீட்டுக்கு வீடு குளிர்சாதன வெளிப்பகுதியை வைக்க ஒரு விளிம்பும் தேவைப்படும். மாற்றுச் செலவில் பெரிய பங்கை முகப்பே விழுங்கும்.

இந்த ஆழச் சிக்கலுக்கு நம் கண்ணெதிரே ஒரு பழைய விடை இருக்கிறது. லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் சாலையிலோ டன்லப் ஸ்திரீட்டிலோ, கீழே கடையும் மேலே வீடுமாக உள்ள கடைவீடுகளைப் பாருங்கள். அகலம் 5, 6 மீட்டர், நீளம் அதைப்போல் நான்கைந்து மடங்கு. இருபக்கமும் அண்டை வீட்டுச் சுவர். ஆனாலும் உள்ளே வெளிச்சம் இருந்தது, காரணம் நடுவில் வானத்தைப் பார்த்த முற்றம். செட்டிநாட்டு வீட்டு முற்றம் செய்த வேலையைத்தான் அதுவும் செய்தது. பலர் பின்னாளில் அதற்குக் கூரை போட்டு மூடி அறையாக்கிக்கொண்டார்கள், வீடு இருண்டது. 1989இல் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் முதலிய வட்டாரங்கள் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. அந்த வரலாற்று வட்டாரங்களில் முற்றத்தைக் காக்க வேண்டும் என்பதும் விதிகளில் இடம்பெற்றது. மிக நல்ல விதி அது.

அலுவலகக் கட்டடத்திலும் நடுவே துளைத்து முற்றம் எடுக்கலாம். நியூயார்க்கின் வாட்டர் ஸ்ட்ரீட்டில் 180ஆம் எண் கட்டடத்தில் அப்படி நடுப்பகுதியை வெட்டி எடுத்து, இழந்த பரப்பை உச்சியில் புதிய மாடிகளாக ஏற்றினார்கள். அதற்குத் தூண்களும் அடித்தளமும் இடம்கொடுக்க வேண்டும்.

அடுத்தது குழாய், பட்ஜெட் கசிவது இங்கேதான். அலுவலகத்தில் ஒரு மாடிக்கு இரண்டு கழிவறைத் தொகுதிதான் இருக்கும், இரண்டும் நடுக்கூட்டை ஒட்டியே. வீடானால் மாடிக்கு 12, 14 குளியலறை, அதே எண்ணிக்கையில் சமையலறை. கழிவுநீர்க் குழாய் 40க்கு 1 என்ற சரிவில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், 4 மீட்டர் தூரத்துக்கு 100 மில்லிமீட்டர் இறக்கம். குழாயின் தடிமன் இன்னொரு 100. நீர்க்காப்புப் பூச்சு, ஓடு எல்லாம் சேர்த்துக் குளியலறைத் தரை கால் மீட்டர் மேலேறிவிடும். முதியவர் உள்ள வீட்டில் அந்தப் படி ஆபத்து. மாற்றுவழி, தளத்தைத் துளைத்துக் குழாயைக் கீழ்வீட்டுக் கூரைக்கடியில் தொங்கவிடுவது. அது பின்னாளில் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் கசிவுச் சண்டையாக முடியும். துளைப்பதற்கு முன் தளம் முன்னிறுக்கக் கான்கிரீட்டா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். உள்ளே இழுத்துக் கட்டப்பட்ட எஃகு வடம் ஒன்று அறுந்தால்கூட அந்தப் பகுதியின் பலம் போய்விடும். பழைய வரைபடத்தை மட்டும் நம்பாமல், துளைக்கும் ஒவ்வோர் இடத்தையும் கருவி வைத்து ஊடுருவிப் பார்க்க வேண்டும்.

பலர் கவனிக்காத நல்ல வழி ஒன்று உண்டு. வீடுகளுக்கு அலுவலகம் அளவுக்கு மின்தூக்கி தேவையில்லை. எட்டு இருந்தால் மூன்று, நான்கு போதும். மிச்சமாகும் மின்தூக்கிக் கிணறுகள் அடி முதல் முடி வரை ஏற்கெனவே திறந்திருக்கும் செங்குத்துப் பாதைகள். பெரிய குழாய்களையும் மின்வடங்களையும் அதில் இறக்கினால் துளைகள் வெகுவாகக் குறையும்.

பாரத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. அலுவலகத் தளம் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன் தாங்கக் கணக்கிடப்பட்டது, வீட்டுக்கு 1.5 போதும், ஆக நிறைய இடமிருக்கிறது என்பார்கள். 50 மில்லிமீட்டர் சிமெண்ட் பூச்சுத் தரை போட்டாலே 1.2 போய்விடும். அதன்மேல் செங்கல் சுவர் எழுப்பினால் கணக்கு கையைக் கடிக்கும். எடை குறைந்த உலர்பலகைச் சுவர்தான் சரி. ஒலித்தடுப்புக்கு இரட்டைப் பலகையும் நடுவே பாறைக் கம்பளிப் பஞ்சும் வைக்க வேண்டும்.

1991க்கு முன் கட்டியதென்றால் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதா என்று தகுதியுள்ளவரைக் கொண்டு சோதித்த பிறகே உடைப்பு வேலை தொடங்க வேண்டும், சட்டமே அப்படித்தான். தீ விதிகளும் மாறும், ஏனென்றால் வீட்டில் மக்கள் தூங்குவார்கள். 1998 முதல் புதிய வீடுகளுக்குக் கட்டாயமாக உள்ள, போர்க்காலத்தில் ஒதுங்கும் தற்காப்பு அறையைப் பழைய கட்டடத்தில் எப்படிக் கையாள்வது என்பதைக் குடிமைத் தற்காப்புப் படையிடம் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது. அந்தத் தடித்த கான்கிரீட் அறைகள் மாடிக்கு மாடி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பவை, பிறகு நுழைக்கக் கூடியவை அல்ல.

இனி, ஏன் இடிக்கிறார்கள் என்பதற்கு வருவோம். 2019இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் ஓர் ஊக்கத் திட்டம் கொண்டுவந்தது. ஆன்சன் சாலை, சிசில் ஸ்திரீட், ராபின்சன் சாலை, ஷென்டன் வே, தஞ்சோங் பகார் வட்டாரங்களில் குறைந்தது 20 வயதான அலுவலகக் கட்டடத்தை வீடு அல்லது ஹோட்டல் கலந்த கட்டடமாக மாற்றினால், இடத்தைப் பொறுத்து 25 முதல் 30 விழுக்காடு வரை கூடுதல் தளப்பரப்பு கட்ட அனுமதி கிடைக்கலாம். பழைய தூண்கள்மேல் அந்தக் கூடுதல் பரப்பை ஏற்றுவது பெரும்பாலும் நடக்காத காரியம். அதனால் சலுகையே இடிப்பை நோக்கித் தள்ளுகிறது. ஆன்சன் சாலையில் 38 மாடி ஃபூஜி ஜெராக்ஸ் டவர்ஸ் போன இடத்தில் 246 வீடுகள் கொண்ட நியூபோர்ட் வளாகம் வருகிறது. ஷென்டன் வேயில் 235 மீட்டர் ஆக்சா டவர் இடிக்கப்பட்டு 305 மீட்டர் கோபுரம் எழுகிறது. நல்ல நிலையில் இருந்த இவ்வளவு கான்கிரீட்டும் எஃகும் இடிபாடாகப் போவது எனக்கு ஏற்புடையதல்ல. இடிக்காமல் மாற்றுபவருக்கும் ஈடான ஒரு சலுகை வேண்டும் என்பேன்.

கனடாவின் கேல்கரி நகரம் வேறு வழியில் போனது. எண்ணெய் விலை சரிந்தபின் அதன் நகர மையத்தில் அலுவலக இடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காலியானது. 2021இல் நகராட்சி, அலுவலகத்தை வீடாக மாற்றுபவருக்குச் சதுர அடிக்கு 75 கனடிய வெள்ளி தந்தது. அங்கே நிலம் மலிவு, கட்டடங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. மாற்றுவதே லாபம். இங்கே நிலம்தான் தங்கம், அலுவலகங்களும் அந்த அளவுக்குக் காலியில்லை. கட்டடம் பல உரிமையாளர்களின் கையில் இருந்தால் ஒட்டுமொத்த விற்பனைக்கு 80 விழுக்காட்டுப் பங்கு வைத்திருப்பவர்களின் சம்மதமும் வேண்டும். அவ்வளவு பாடுபட்டு வாங்கும் நிறுவனம் முழுப் பரப்பையும் கறக்கத்தான் பார்க்கும்.

மக்கள் குடியேறுவார்களா என்பது இன்னொரு கேள்வி. வீடு கட்டினால் விற்பனை நடக்கும், குடும்பம் வருமா என்பது வீட்டின் அளவையும் கீழ்த்தளத்தையும் பொறுத்தது. நகர மையத்தில் ஓரறை வீடுகளாகவே கட்டிக் குவித்ததால்தான், 2023 ஜனவரியிலிருந்து அங்கு எழும் புதிய தனியார் குடியிருப்புகளில் குறைந்தது 20 விழுக்காடு வீடுகள் 70 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் வீடு வாங்கும் வெளிநாட்டவருக்கான கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடானது. முதலீட்டுக்கென்றே கட்டும் சின்னஞ்சிறு வீடுகளுக்கு அது பெரிய அடி.

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சந்தை, உணவங்காடி, அருகே பஃபலோ சாலை வீவக புளோக்குகள், எம்ஆர்டி ரயில் நிலையம் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. ஞாயிறு காலையில் கீரையும் மீனும் வாங்கலாம். ஷென்டன் வே பக்கத்து உணவங்காடிகளில் பல கடைகள் அலுவலகக் கூட்டத்தை நம்பியவை, சனி ஞாயிறு மூடிவிடும். குழந்தையுள்ளவர் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார், சேர்க்கையில் தூரத்துக்கு முன்னுரிமை இருப்பதால். 2009இல் முடிந்த டக்ஸ்டன் பினக்கிளில் 50 மாடி புளோக்குகள் ஏழு, வீடுகள் 1,848. அரசு வீடு, நான்கறை ஐந்தறை அளவு. அதனால்தான் தஞ்சோங் பகாரில் குடும்பங்கள் நிலைத்தன.

கட்டடம் ஒன்றை மாற்றலாமா என்று யோசிப்பவர் முதலில் கேட்க வேண்டியவை: கட்டி முடித்தபோதைய கட்டமைப்பு வரைபடம், நிலத்தின் மீதமுள்ள குத்தகை ஆண்டுகள், எத்தனை உரிமையாளர்கள். ஆழம் 9 மீட்டருக்குள் இருந்தால் குடும்ப வீடு. 9க்கும் 12க்கும் இடையில் சேவை அடுக்குமாடியோ, பலர் ஒரே சமையலறையைப் பகிரும் வாடகைக் குடியிருப்போ பொருந்தும். பகிரும்போது குழாய்களும் பாதியாகக் குறையும். தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது என்பதையும் கணக்கில் வையுங்கள். 12க்கு மேல் என்றால் நடுவில் முற்றம் வெட்டினால் என்ன செலவாகும் என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் ஒரு விலை வாங்குங்கள், அதைப் பார்த்த பிறகு இடிப்பதைப் பற்றிப் பேசலாம்.