முகப்பு மாறியது, தமிழ் எங்கே?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் பள்ளியில் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருளின் இணையதளத்தைத் தமிழாக்கியதில் எங்களுக்கும் பங்கு உண்டு. போன மாதம் அவசரமாகத் தளத்தை மாற்றினார்கள். இப்போது தமிழ்ப் பக்கத்தில் பாதி ஆங்கிலம். உழைப்பெல்லாம் போச்சா?
– ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: பெரும்பாலும் போயிருக்காது. அந்தத் தளம் மென்பொருள் மொழிபெயர்ப்புக்கான கெட்டெக்ஸ்ட் முறையில் இயங்கினால், 'பிஓ' என்ற மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒவ்வொரு தமிழ் வரியும் அதன் ஆங்கில மூலத்தோடு பிணைந்திருக்கும். மூலத்தில் ஒரு கமா மாறினாலும் அது புது வரிதான். பழைய கோப்பைப் புது வரிகளோடு இணைக்கும் எம்எஸ்ஜிமெர்ஜ் கருவி, கிட்டத்தட்டப் பொருந்தும் பழைய தமிழை அங்கே ஒட்டி, 'ஃபஸ்ஸி' (சரிபார்க்க வேண்டியது) என்று குறி போடும். அந்தக் குறி உள்ள வரிகளைத் தளம் காட்டாது. அதனால்தான் ஆங்கிலம் எட்டிப் பார்க்கிறது. புது வரி எதற்கும் பொருந்தாத பழைய தமிழ் வரிகள் கோப்பின் அடியில் '#~' குறியோடு கிடக்கும். அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஃபஸ்ஸி குறிகளை மொத்தமாக நீக்கிவிடாதீர்கள். 'இன்ஸ்டால்', 'அன்இன்ஸ்டால்' இரண்டும் கருவிக்கு ஒன்றுபோலத் தெரியும். 'நிறுவு' இருக்கவேண்டிய பொத்தானில் 'நீக்கு' வந்து உட்கார்ந்துவிடும். ஒவ்வொன்றையும் வாசித்த பிறகே குறியை எடுங்கள்.

ஒரு வரி பிஓ கோப்பிலேயே இல்லையென்றால், பெரும்பாலும் பக்கத்தின் வார்ப்புருவில் (டெம்ப்ளேட்) ஆங்கிலத்தை நேரடியாக எழுதிவிட்டார்கள் என்று பொருள். அதை நீங்கள் மொழிபெயர்க்க வழியில்லை. எந்தப் பக்கம், எந்த வரி என்று குறிப்பிட்டு திட்டக்குழுவிடம் வழுவாக (பக்) பதியுங்கள். கூடவே, அடுத்த மாற்றத்துக்கு முன் 'ஸ்ட்ரிங் ஃப்ரீஸ்', அதாவது ஆங்கில வரிகளைக் கொஞ்ச காலம் மாற்றாமல் வைப்பது, கேளுங்கள். லினக்ஸ் கணினிகளுக்கான க்னோம் திரைமுகப்புத் திட்டத்தில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் வரிகளை மாற்றாமல் நிறுத்திவைக்கிறார்கள். அந்த அவகாசம் தராமல் தளத்தை மாற்றிவிட்டு, 'மொழிபெயர்ப்பு பிந்துகிறது' என்று தொண்டர்களைக் குறைசொல்வது நியாயமில்லை.

கேள்வி: நாங்கள் மாற்றியமைக்கும் தளத்தில் தமிழ் எழுத்தின் மேலும் கீழும் வெட்டுப்படுகிறது. இணைய முகவரியில் 'திருநெல்வேலி' என்பது 'தரநலவல' என்று வருகிறதே?
– மாணவர், தென்காசி

பதில்: வரி உயரம் 1.2 என்று வைத்திருப்பீர்கள், தமிழுக்கு 1.6 வையுங்கள். பொத்தானுக்கு நிலையான உயரமும் எழுத்திடைவெளியும் வேண்டாம். லத்தீன் எழுத்து மட்டும் உள்ள எழுத்துருவோடு நோட்டோ சான்ஸ் தமிழையும் சேருங்கள். 'பாளையங்கோட்டை' என்று போட்டுப் பார்த்தால் அகலமும் தெரிந்துவிடும்.

முகவரிச் சிக்கல் வேறு. உங்கள் தளம் பைதான் நிரல்மொழியில் இருந்தால், அதில் எழுத்துகளைத் தேடும் 'பின்சாய்வு-டபிள்யூ' (\w) ரெகெக்ஸ் குறியீடு உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. 'த', 'ர' போன்ற அடிப்படை எழுத்தை வைத்துக்கொண்டு மற்றதை உதிர்த்துவிடுகிறது. இந்தக் குறிகள் அடங்கும் யூனிகோடின் 'மார்க்' வகையையும் அனுமதியுங்கள். 'கொ' போன்றவற்றை இரண்டு விதமாகக் குறியிட முடியும் என்பதால், முதலில் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவுக்கு மாற்றிவிடுங்கள். பழைய தமிழ் முகவரிகள் ஒவ்வொன்றுக்கும் புது முகவரிக்கு நிரந்தரமாக அனுப்பும் '301' திருப்பிவிடுதல் கட்டாயம்.